எழும்பி நின்ற மூடி

திருப்பாதிரிப்புலியூர் காய்கறிச் சந்தைக்குப் பின்னால், அழுகிய காய்களிலிருந்து எரிவாயு எடுக்கும் தொட்டி ஒன்றைப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். அதைத் தாண்டும்போது வந்த புளித்த வாடையில் நின்றுவிட்டேன்.

சிதம்பரம் பக்கத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையிலும் ஒரு சாணத் தொட்டி இருந்தது. கேஸ் சேரச் சேர அதன் இரும்பு மூடி மேலே எழும்பும். அடுப்பு எரிய எரியக் கீழே இறங்கும். அம்மா சமைத்த காலமெல்லாம் அது இறங்கியேதான் கிடந்தது.

"சாணிய இன்னும் கொஞ்சம் ஜாஸ்தியா கரைச்சு ஊத்துங்களேன். கொழம்பு கொதிக்கிறதுக்குள்ள அணைஞ்சுபோவுது" என்பாள் அப்பாவிடம்.

அம்மா செத்தபின், காரியம் முடியும்வரை வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. மாமா வீட்டிலிருந்து சோறு வந்தது. மாடுகள் சாணி போட்டுக்கொண்டுதான் இருந்தன. அப்பா வழக்கம்போலக் கரைத்து ஊற்றினார். ஒரு மத்தியானம் கொல்லைக்குப் போனேன். மூடி என் நெஞ்சுயரத்துக்கு எழும்பி, ஓரமெல்லாம் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. சாணிக் கையோடு அப்பா அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இப்ப பாரு, எவ்ளோ நெறைஞ்சி கெடக்குன்னு" என்றார். அழவில்லை. நானும்தான்.

"என்னக்கா பாக்குறீங்க?" சந்தைத் தொட்டியைக் கவனிப்பவர் கேட்டார்.

"கேஸ் நல்லா வருதா?"

"வருதுக்கா. அடுப்புதான் இன்னும் வெக்கல."