ஜனவரியில் வைத்த திருகு

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்து வந்தவர் வெள்ளைச் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. தலை உலர்த்தும் டிரையரைக் கையில் பிடித்து, ஒரு சின்னக் காரின் எஞ்சினுக்குச் சூடு காட்டிக்கொண்டிருக்கிறார் செபாஸ்டியன். அவர் தலையில் உலர்த்துவதற்கு இனி ஒன்றும் பாக்கியில்லை. டிரையர் அவர் மனைவி எவாஞ்சலினுடையது. எஞ்சின் சில்லென்று இருக்கும்போது பிஸ்டன் இறுகிப் பிடிக்கும், அப்படியே சுற்றிவிட்டால் உள்ளே தேய்ந்துபோகும் என்பதால், தொட்டால் கை சுடும் வரை காட்டுவார். "ஜுரம் வந்தா மன்சன் படுத்துக்குவான். இவனுக்கு ஜுரம் வந்தாத்தான் எய்ந்துப்பான்" என்பார்.

பொம்மை என்று அவர் காதுபட யாரும் சொல்லிவிட முடியாது. "பொம்மைன்னா சாவி குட்த்தா ஓடும். இது நைட்ரோ" என்பார், முகம் கொஞ்சம் சுண்டிப்போகும். ஒரு முழத்துக்குச் சற்றுக் கூடுதலான நீளம், முரட்டு டயர் நான்கு. கையில் இருக்கும் ரிமோட்டின் குட்டிச் சக்கரம் திரும்பினால் இதுவும் திரும்பும். பெட்ரோல் குடிக்காது. மெத்தனால், நைட்ரோ, எண்ணெய் மூன்றும் கலந்த ஒரு சிவப்புத் தண்ணீர்தான் தீனி. ஆவடிக்குப் பக்கம் சேக்காட்டில் இருக்கும் வீட்டு வாசலில் அதை ஒரு முறை முடுக்கினால் போதும், பக்கத்து வீட்டு சரசா ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டே, "கொசு மருந்து வண்டி வந்துட்ச்சி" என்று தெருவுக்கே அறிவிப்பாள். அதையும் பாராட்டாக எடுத்துக்கொள்ளும் சுபாவம் செபாஸ்டியனுக்கு.

வயது நாற்பத்தெட்டு. அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு செய்யும் பட்டறை ஒன்றில் இருபத்திரண்டு வருஷமாக லேத் ஓட்டுகிறார். வெட்டும் உளி மழுங்கிவிட்டதைக் கண் பார்க்கும் முன்னால் அவர் காது சொல்லிவிடும். அந்தக் காதுக்குத்தான் பருத்திப்பட்டு ஏரிக்குப் பின்னால் மரியாதை. அங்கே இன்னும் வீடு எழும்பாத மனைகளில் செம்மண்ணைக் கொட்டி மேடும் பள்ளமுமாக ஒரு பந்தயத் தடம் போட்டிருக்கிறார்கள். ஞாயிறுதோறும் ஏழெட்டுப் பேர் வண்டியோடு வருவார்கள். வந்ததும் முதலில் அவரிடம்தான் நீட்டுவார்கள்.

எஞ்சின் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைப்பார், தோசைக்கல்லில் தெளிப்பது போல. வாய்க்குள் எண்ணுவார். ஒன்று எண்ணுவதற்குள் துள்ளி ஓடிவிட்டால் சூடு அதிகம், தீனி போதவில்லை. நாலு வரை நின்று ஆவியானால் சரி. அப்புறம் வண்டிக்காரனிடம், "நீ ஓட்டு நைனா, நான் கேக்கறேன்" என்று சொல்லிவிட்டு வளைவில் போய்க் கண்ணை மூடி நிற்பார். வண்டி கிறீச்சென்று கடந்து போகும். வாலில் புகை எவ்வளவு தங்குகிறது என்பதை மட்டும் அரைக்கண்ணால் பார்ப்பார். பிறகு வண்டியைக் கையில் வாங்கி, எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் திருகை நூலளவு நகர்த்துவார். அடுத்த சுற்றில் எஞ்சின் பாடும்.

தானே ஓட்டிக்கொண்டு கேட்க அவரால் முடியாது. ஓட்டவே வராது என்பதுதான் உண்மை. வாழ்க்கையில் இரண்டே முறை ஓட்டியிருக்கிறார். ஒரு முறை வண்டி ஏரிக்குள் போனது, மறுமுறை பங்குச் சாமியாரின் ஸ்கூட்டருக்கு அடியில் போனது. ஓட்டியவள் எவாஞ்சலின். பூந்தமல்லிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ், நடுங்காத கை. ஞாயிற்றுக்கிழமை கறி வாங்காமல் மைதானத்தில் நிற்கிற புருஷனைத் திட்டுவதற்காக வந்தவள், அவர் ஸ்பானர் தேடிய நேரத்தில் ரிமோட்டைக் கையில் வாங்கினாள். அதன் பிறகு யாருக்கும் அதைத் தரவில்லை. அவர் வளைவில் நின்று கேட்பார், ஒரு விரல் காட்டுவார், அவள் வண்டியை அவர் காலடியில் கொண்டுவந்து நிறுத்துவாள். ஒன்பது வருஷம் அப்படித்தான் அவர்கள் ஞாயிறு போயிற்று.

அவருடைய கருவிப்பெட்டியில் ஸ்க்ரூடிரைவர்களுக்கு நடுவே ஒரு சிவப்பு நகப்பூச்சுக் குப்பி கிடக்கிறது. டியூட்டியில் நர்சுகள் நகத்துக்குச் சாயம் பூசக் கூடாது. அதனால் நீண்ட லீவு கிடைத்தால்தான் பூசுவாள். இடது கை விரல்களுக்கு அவளே, வலது கைக்கு செபாஸ்டியன். பூசிவிட்டு, காயும் வரை ஒவ்வொரு விரலாக ஊதுவார். குப்பியை அவர் திறந்து இரண்டரை வருஷம் ஆகிறது.

மகன் ஷெர்வினின் படிப்புச் செலவுக்காக எவாஞ்சலின் இப்போது மஸ்கட்டில் நர்சாக இருக்கிறாள். போவதற்கு முந்தைய வாரம், ஒரு ஜனவரி ஞாயிறு, இருபது வண்டிகள் ஓடிய பந்தயத்தில் மூன்றாவதாக வந்தாள். அன்று எஞ்சின் பாடிய பாட்டை அதற்கு முன்னும் பின்னும் அவர் கேட்டதில்லை. நடுவில் ஒரு மாத லீவில் வந்தாள். அது மழை மாதம், தடத்தில் முழங்கால் தண்ணீர். அந்த முப்பது நாளும் வண்டியும் கருவிப்பெட்டியும் பரணிலேயே கிடந்தன, நகப்பூச்சுக் குப்பியும் அதோடுதான்.

இங்கேதான் செபாஸ்டியனின் கிறுக்கு. டயர் மாற்றுவார், ஷாக் அப்சார்பரில் எண்ணெய் மாற்றுவார், கடைசி ஓட்டம் முடிந்ததும் டாங்கியை வடித்து, துரு பிடிக்காமலிருக்க எஞ்சினுக்குள் மூன்று சொட்டு எண்ணெய் விடுவார். எரிபொருள் அளவு வைக்கும் அந்த ஒரு திருகை மட்டும் தொடமாட்டார். அது அந்த ஜனவரியில் நின்ற இடத்திலேயே நிற்கிறது. குளிர்ந்த காற்றுக்கு வைத்த அளவு வெயில் காலத்துக்கு ஆகாது, தீனி மிஞ்சும், வண்டி புகை கக்கி இருமும் என்று மற்றவர்களுக்குப் பாடம் எடுப்பவரும் அவரேதான். "ஊருக்குத்தான் உபதேசமா அண்ணாத்தே?" என்பான் வெங்கட், ஆவடியில் பேட்டரி கடை வைத்திருப்பவன். இப்போதைக்கு செபாஸ்டியனின் வண்டியை ஓட்டிக் கொடுப்பவனும், மைதானத்தில் டிரையருக்குக் கடையிலிருந்து பேட்டரியும் இன்வெர்ட்டரும் கொண்டுவருபவனும் அவன்தான். "அது அப்டியே இர்க்கட்டும் மாமே. அவ வந்தப்பால பாத்துக்கலாம்" என்பார் இவர். இந்த வருஷக் கடைசியில் அவள் ஒப்பந்தம் முடிகிறது. வருகிற ஜனவரிப் பந்தயத்துக்கு ஓட்டுநர் பெயர் எவாஞ்சலின் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அவருக்கு அவள் வேண்டும், ரிமோட்டோடு அந்த மேட்டில் நிற்க வேண்டும். வேறொன்றும் அவர் கேட்கவில்லை.

வாராவாரம் மைதானத்திலிருந்து வீடியோவில் கூப்பிடுவார். போனுக்கு ஒரு புத்தி உண்டு: மனிதக் குரலை வைத்துக்கொண்டு மற்ற இரைச்சலை வடிகட்டிவிடும். "நீங்க பேசறது மட்டுந்தான் கேக்குது, வண்டி சத்தமே வர்ல" என்பாள். "சூப்பரா கீது ஈவா, பட்டாசு மாரி போவுது" என்று இவர் சொல்லிவிடுவார்.

ஆவணி பிறந்து இரண்டாவது ஞாயிறு, வெங்கட் நல்லதென்று நினைத்து ஒரு காரியம் செய்தான். ஒரு சுற்றைப் பதிவுசெய்து அவளுக்கு அனுப்பிவைத்தான். பதிவில் எதுவும் வடிகட்டப்படவில்லை. பத்தாவது நிமிஷம் செபாஸ்டியனின் போன் அடித்தது.

"இன்னாங்க, எத்தினி நாளா இப்டி இருமிகினு கீது?"

அவர் வண்டியின் புகைக்குழாயைத் துணியால் துடைத்தார்.

"ஸ்க்ரூவ தொடவே இல்ல, இல்ல?"

"நீ கடைசியா ஓட்னப்போ வச்ச எடம் ஈவா. நீ வந்து ஓட்னப்பால..."

அந்தப் பக்கம் யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போகும் சத்தம் லேசாகக் கேட்டது. பிறகு அவள் சொன்னாள்: "நான் ஜனவரிக்கு வர்லங்க. வியாயக்கெழம கையெழுத்து போட்டுட்டேன். ஷெர்வின் காலேஜ் முடிக்கட்டும். இன்னும் ரெண்டு வருஷம். ஒங்ககிட்ட எப்டி சொல்றதுன்னு மூணு நாளா போனை எடுத்து எடுத்து வச்சிகினு கீறேன்."

வெங்கட் மரியாதையாக ஏரிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

"கேக்குதா?"

"கேக்குது."

"அது வரைக்கும் அத இருமவுடாதீங்க. உள்ள கரி புடிச்சிடும். திருப்புங்க. வெங்கட்டு ஓட்டட்டும், நீங்க கேளுங்க. ரெக்கார்டு பண்ணி அனுப்புங்க, நானும் கேக்கறேன்." டியூட்டிக்கு மணி அடிக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டாள்.

செபாஸ்டியன் வண்டியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு மண்மேட்டில் உட்கார்ந்தார். பிறகு கருவிப்பெட்டியைத் திறந்து, ஸ்க்ரூடிரைவரை எடுப்பதற்கு முன் அந்த நகப்பூச்சுக் குப்பியை எடுத்தார். மூடி ஒட்டிக்கொண்டிருந்தது, பல்லால் கடித்துத் திறந்தார். திருகின் தலையிலிருந்து எஞ்சின் உடம்பு வரை, இரண்டையும் சேர்த்து, மயிரிழையாக ஒரு சிவப்புக் கோடு இழுத்தார். எவ்வளவு திருப்பினாலும் பழைய இடம் எது என்று அது சொல்லும்.

"டிரையர் இந்தா கீதுண்ணா, காட்னா டக்குனு காஞ்சிடும்" என்று நீட்டினான் வெங்கட்.

செபாஸ்டியன் அதை வாங்கவில்லை. முகம் குனிந்து, அந்தக் கோட்டின் மேல் மெதுவாக ஊத ஆரம்பித்தார்.