பெரியத்தானின் ஸ்கொட்லாந்து மீன்

என் கணவரின் தமையனை நாங்கள் பெரியத்தான் என்போம். போன வருடம் அவர் ஸ்கொட்லாந்துக்குப் போய் ஒரு வாரம் ஆற்றுக்குள் நின்றுவிட்டு வந்தார், சால்மன் மீன் பிடிக்க. ரொறன்ரோவுக்கு வெளியே ஸ்ரௌவ்வில்லில் உள்ள அவருடைய வீட்டுக்குப் போகிறவர்கள் அந்தப் படங்களைப் பாராமல் வாசலைத் தாண்ட முடியாது. அப்பா செத்து இருபது நாள்கூட ஆகாத நானும் தப்பவில்லை.

நான் போனது வேறு அலுவலாக. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வருகிறவர்களுக்கு ஒரு சின்னப் புத்தகம் கொடுப்போம். செத்தவரின் படம், தேவாரம், வாழ்க்கை வரலாறு எல்லாம் அதில் இருக்கும். எங்கள் குடும்பத்தில் யார் செத்தாலும் வரலாற்றை எழுதுவதும் பெரியத்தான், சபையில் வாசிப்பதும் பெரியத்தான். யாரும் கேட்டு அவர் செய்வதில்லை. அப்பாவின் வரலாற்றை வாங்கத்தான் நானும் கணவரும் போயிருந்தோம்.

"முதல்லை உந்தப் படங்களைப் பாருங்கோ" என்று ரீவியைப் போட்டார்.

நெஞ்சு வரைக்கும் ரப்பர் காற்சட்டை, கம்பளித் தொப்பி, கையில் நீட்டுத் தூண்டில் தடி. பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர். தூண்டிலில் இறகு கட்டிக் கொடுப்பதும், எங்கே நிற்கவேண்டும் என்று காட்டுவதும், மீனை வலையால் கோலி எடுப்பதும் அந்த மனிதர்தானாம். அப்ப நீங்கள் என்னத்தைச் செய்தீர்கள் என்று கேட்க எனக்கு வாய் உன்னியது.

"ஆத்துக்குள்ளை ஏறின சால்மன் ஒண்டும் தின்னாது, தெரியுமே? எரிச்சல் வரப்பண்ணித்தான் கடிக்க வைக்கவேணும்" என்றார்.

அந்த வேலைக்கு இவரைவிடத் தோதான ஆள் ரொறன்ரோவில் இல்லை.

ஆறு நாளில் அகப்பட்டது ஒரே ஒரு மீன். அதையும் இரண்டு கையாலும் ஏந்திப் படம் எடுத்துவிட்டுத் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிட்டாராம். எங்கள் வீட்டில் பிடித்த மீனை விட்டிருந்தால் அன்றைக்கு உலை வைத்திருக்க மாட்டோம்.

"அங்கை உது தொழில் இல்லை, பிள்ளை. பெரிய மனுசர் செய்யிற விளையாட்டு."

இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. என் அப்பா மீன்பிடிகாரர் என்று அவருக்குத் தெரியும். "உனக்கு வேறை பொம்பிளை கிடைக்கேல்லையே?" என்று தம்பியிடம் கேட்டவர் அவர். கலியாணத்தை நிற்பாட்ட முடியாமல் போனதும், அழைப்பிதழில் அப்பாவின் பெயருக்குக் கீழே 'வர்த்தகர்' என்று போடச் செய்தவரும் அவர்தான்.

படம் முடிந்ததும் எழுதிய தாளைத் தந்தார். 'பிரபல வர்த்தகரும் சமூகசேவையாளருமான' என்று தொடங்கியது. பிரபலமாம்! இரண்டு பக்கத்திலும் தேடினேன், கடல் என்ற சொல்லே இல்லை.

"அப்பா கடலுக்குப் போனவர், பெரியத்தான்."

"அது எனக்குத் தெரியாதே? எல்லாத்தையும் சபையிலை அவிட்டுக் காட்டவேணுமே? நாளைக்கு உம்மடை மகளுக்கும் ஒரு நல்ல இடம் பாக்கவேணும்."

என் கணவர் கார்ப்பெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். தமையனுக்கு முன்னால் இவருக்கு வாய் கிடையாது. சீ, இதெல்லாம் ஒரு சீவியம் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே காரில் ஏறினேன்.

ஆனால் மற்றவர்களைத் திட்ட எனக்கு மட்டும் என்ன யோக்கியதை? மகள் நாலாம் வகுப்பில் படிக்கும்போது ஏதோ ப்ரொஜெக்ருக்காக, "அம்மா, அம்மப்பா என்ன ஜொப் செய்தவர்?" என்று கேட்டாள். "பிஸ்னஸ்" என்றேன். அப்பா எதிரே இருந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு மகளிடம், "ஓம் பிள்ளை, ஒரு கடை வைச்சிருந்தனான்" என்றார். என்னைக் காப்பாற்றச் சொன்ன பொய் அது. அதற்கு நான் அவரிடம் ஒருநாளும் மன்னிப்புக் கேட்கவில்லை.

பெரியத்தான் வீட்டுக்குப் போய்வந்த அடுத்த நாள், அச்சகத்துக்குக் கொடுக்க முன்னம், அந்தப் 'பிரபல வர்த்தகர்' பட்டத்தை வெட்டினேன். பிறந்த ஊருக்குக் கீழே 'நாற்பது வருடம் கடலில் மீன் பிடித்து எங்கள் ஐந்து பேரையும் வளர்த்தார்' என்று எழுதினேன். பெரியத்தானுக்குச் சொல்லவில்லை.

அந்தியேட்டியன்று வெக்ஸ்போர்ட்டில் வாடகைக்கு எடுத்த மண்டபம் நிறைந்திருந்தது. பெரியத்தான் கோட்டைச் சரிசெய்துகொண்டு மைக்குக்குப் போய்ப் புத்தகத்தைத் திறந்தார். அப்பாவின் பெயரை வாசித்தார், பிறந்த ஊரை வாசித்தார், பிறகு நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த வரியை அப்படியே தாண்டி, அப்பா கனடாவுக்கு வந்த கதையைத் தொடங்கினார்.

நான் எழும்பிப் போனேன்.

"ஒரு வரி விடுபட்டுப் போச்சு, பெரியத்தான்."

"எழுத்துச் சின்னன், பிள்ளை. விளங்கேல்லை."

"அப்ப தாங்கோ, நான் வாசிக்கிறன்."

மைக்கை வாங்கினேன். முன்வரிசையில் மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கி எனக்கும் எழுத்துத் தெரியவில்லை, அதனால் பாராமலே சொன்னேன்.

"என்ரை அப்பா மீன் பிடிச்சவர்."

ஐம்பத்திரண்டு வயதில், நாலு பேருக்கு முன்னால், முதல் தடவையாகச் சொன்னேன். அப்பா செத்து முப்பத்தொரு நாளாகியிருந்தது.