ஈரம் காட்டாத ஒழுக்கு

எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு வரும் தண்ணீர்ப் பைப் எங்கே ஒழுகுகிறது என்பதைக் காலால்தான் கண்டுபிடிப்போம். மலை உச்சி ஊற்றிலிருந்து கறுப்புப் பைப் ஒன்று தேயிலைச் செடிகளுக்கு நடுவே இறங்கி வரும். தண்ணீர் மெலிந்துபோனால் யாராவது ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு, பைப் ஓரமாகவே மேலே ஏறுவார். மண் எங்கே குளிர்ந்து சொதசொதவென்று இருக்கிறதோ, அங்கே குனிந்து பார்த்தால் போதும். பழைய சைக்கிள் டியூபில் ஒரு பட்டி வெட்டி, இழுத்துச் சுற்றி, முடிச்சுப் போட்டுவிட்டு இறங்கிவிடலாம். நானும் அக்காவும் எழுதப் படிக்கப் பழகுவதற்கு முன்பே இதைப் பழகியிருந்தோம்.

அந்தப் பழக்கம்தான் அக்காவின் இருபத்தொரு நாள் லீவைத் தின்றது.

பூண்டுலோயாவுக்குக் கொஞ்சம் கீழே பழைய வெள்ளைக்காரத் துரைமார் கிளப் ஒன்றின் நீச்சல் குளம் இருக்கிறது. கிளப் இடிந்து பல காலம். குளத்தில் தவளைகள் குடியிருந்தன. பக்கத்துத் தோட்டத்து ஆட்களும் டவுன் கடைக்காரர்களும் சேர்ந்து கமிட்டி அமைத்து, அதைச் செப்பனிட்டுப் பொதுக் குளமாக்கினார்கள். சனி, ஞாயிறு பிள்ளைகளுக்கு. புதன்கிழமை பின்னேரம் பெண்களுக்கு மட்டும். பம்பையும் பில்டரையும் பார்த்துக்கொள்ள ஆள் தேடியபோது, தொழில்நுட்பக் கல்லூரியில் கோர்ஸ் முடித்துவிட்டு வந்திருந்த என்னை எடுத்தார்கள். எங்கள் வீட்டில் சாதாரண தரப் பரீட்சை மண்டபத்துக்குள் போன முதல் ஆள் நான். சான்றிதழைக் காட்டி வேலை வாங்கிய முதல் ஆளும் நான்தான்.

அக்கா ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். கொழுந்து மலையில் வழுக்கி விழுந்து அம்மாவுக்குக் கால் முறிந்த வருடம் அது. யார் பள்ளிக்கூடத்தை விடுவது என்று வீட்டில் பேச்சே எழவில்லை. ஒருநாள் பின்னேரம் அக்கா தன் புத்தகங்களின் பிரவுன் பேப்பர் உறைகளைக் கிழியாமல் கழற்றி, மடிப்பை மாற்றி, என் புத்தகங்களுக்குப் போட்டுவிட்டாள். வயது வந்ததும் அரபு நாடொன்றுக்குப் போனாள். அங்கே ஒரு பெரிய வீட்டில் மூன்று பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அந்த வீட்டுக்குள்ளேயே ஒரு நீச்சல் குளம் இருந்தது.

"மூணும் தண்ணியிலயே கெடக்குதுங்க. நான் துண்ட வச்சிக்கிட்டுக் கரையில நிக்கிறேன், கொக்கு மாதிரி" என்பாள் போனில்.

"நீ எறங்க மாட்டியா?"

"நல்லா எறக்குவாங்க! காலு நனைஞ்சாலே மேடம் மொறைப்பாங்க. அது வேலக்காரிக்கு இல்லையாம்."

எனக்கு வேலை கிடைத்த அன்று அவளுக்குத்தான் முதலில் சொன்னேன். சம்பளத்தை அவள் கேட்கவில்லை.

"ஒன் கொளத்துல என்னைய எறக்குவியா?"

"பொதுக் கொளம்க்கா. யாரு வேணும்னாலும் எறங்கலாம். புதன்கிழம பொம்பளைங்க மட்டுந்தான்."

அந்தப் பக்கம் நாட்காட்டி புரளும் சத்தம் கேட்டது. பிறகு, "அப்ப நான் வந்த மொதப் புதன்கிழம" என்றாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு போன் கோலிலும் இதே பேச்சு. ஆழம் எவ்வளவு, படி இருக்கிறதா, பிடிக்கக் கம்பி இருக்கிறதா என்று கேட்பாள். பீலி என்கிற ஊற்றுக் குழாய்க்குக் கீழே நின்று குளித்ததைத் தவிர, உடம்பு முழுக்கத் தண்ணீருக்குள் இருந்த அனுபவம் அவளுக்கு ஒருநாளும் இல்லை. அங்கே பெண்கள் போடுகிற, கழுத்திலிருந்து கணுக்கால்வரை மூடிய கறுப்பு நீச்சல் உடுப்பு ஒன்றை வாங்கி வைத்திருப்பதாகச் சொன்னாள். "இதப் போட்டா அம்மா கூட ஏச முடியாதுடா. மூஞ்சி மட்டுந்தான் வெளிய தெரியும்."

அவள் வருவதற்கு ஒரு கிழமை, ஏழே நாள் இருக்கும்போது பம்பில் சின்னக் கோளாறு. பம்புக்கு முன்னால் வாளி அளவில் ஒரு சட்டி இருக்கும். குளத்திலிருந்து இழுபடும் தண்ணீர் முதலில் அதற்குள் வந்து, இலையையும் முடியையும் அங்கே விட்டுவிட்டுப் போகும். சட்டிக்குக் கண்ணாடி போல் தெளிந்த மூடி, மூடிக்கு அடியில் ஒரு ரப்பர் வளையம். அந்த வளையம் தொய்ந்துபோயிருந்தது. டவுனில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும், எல்லோரும் 'நானா' என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"இந்த சைஸ் நம்மகிட்ட இல்ல தம்பி. கொழும்புலருந்து வரவழைக்கணும். ரெண்டு கெழம போகும். அதுவரைக்கும் கொளத்த மூடி வைங்களேன், தண்ணி என்ன ஓடியா போயிரும்?"

"சரி, வரவழைங்க நானா" என்று சொல்லிவிட்டு வந்தேன். மூடி வைக்க எனக்கு மனமில்லை. மோட்டார் சைக்கிள் டியூப் ஒன்றை எடுத்தேன். அளவு பார்த்துப் பட்டி வெட்டி, இரண்டு முனையையும் சொலூஷன் போட்டு ஒட்டி, நானே ஒரு வளையம் செய்து மாட்டினேன். லயத்துப் பைப்பில் அது ஐந்து வருடம் நிற்கும். பம்பும் நன்றாகத்தான் ஓடியது. குளத்தின் அடியில் கிடந்த ஒரு பொத்தானைக்கூட மேலிருந்து பார்க்க முடிந்தது.

அக்கா சனிக்கிழமை வந்தாள். மெலிந்திருந்தாள். வந்ததும் வராததுமாகப் பெட்டியைத் திறந்து அந்தக் கறுப்பு உடுப்பை எடுத்து உதறிக் காட்டினாள். விலைச் சீட்டு அப்படியே தொங்கியது. அம்மா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "மழைக்குப் போட்டுக்கிட்டு மலைக்குப் போகலாம் போல இருக்கே" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பம்புச் சட்டிக்குள் காற்றுக் குமிழி வர ஆரம்பித்தது. பில்டரில் அழுத்தம் காட்டும் முள் நடுங்கியது. திங்கட்கிழமை பம்பு தண்ணீரை இழுக்காமல் வெறுமனே இரைந்தது. புதன்கிழமை அக்கா பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குளத்துக்கு வந்தபோது, தண்ணீர் அரிசி கழுவியது போலக் கலங்கியிருந்தது. 'இன்று மூடப்பட்டுள்ளது' என்ற பலகையை நான்தான் என் கையால் மாட்டினேன்.

"என்னடா, சோத்துக்கு ஒலை வச்சிருக்கியா?" என்று சிரித்தாள்.

"அடுத்த புதனுக்குள்ள சரியாயிரும்க்கா."

காற்று உள்ளே புகுகிறதென்றால் எங்கோ ஓட்டை இருக்க வேண்டும். அது எனக்குத் தெரியும். ஆனால் ஓட்டை இருக்கிற இடத்தில் ஈரம் இருக்கும் என்று என் கால் சொன்னது. பம்பு அறையில் தரை காய்ந்து கிடந்தது. ஆகவே கோளாறு மண்ணுக்கடியில் போகிற பைப்பில்தான் என்று முடிவு கட்டினேன். அறை மேட்டில் இருக்கிறது, குளம் பள்ளத்தில். இரண்டுக்கும் நடுவே மண்வெட்டியோடு இறங்கினேன்.

குளத்துக்குக் காவல் இருக்கும் சிங்களப் பெரியவர் தினமும் வந்து எட்டிப் பார்ப்பார். "மல்லி, இப்பிடியே தோண்டினா கொத்மலைக்குப் போயிரும்" என்பார், தம்பியை 'மல்லி' ஆக்கிய தன் தமிழில்.

அக்கா மதியச் சோற்றைக் கொண்டுவந்து குழியின் விளிம்பில் உட்காருவாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பேசுவாள், முடித்ததும் நான் குனிந்துகொள்வேன்.

"நாளைக்கு நானும் அம்மாவும் இறம்பொடைக் கோயிலுக்குப் போறோம். வர்றியா?"

"இல்லக்கா. இன்னும் ரெண்டு ஜொயின்ட்டுதான் பாக்கணும். நாளைக்குக் கெடச்சிரும்."

"டயகம மாமா வீட்டுக்கு?"

"நீங்க போய்ட்டு வாங்க."

அவர்கள் போய்விட்டு வந்தார்கள். நான் எல்லா ஜொயின்ட்டையும் தோண்டிப் பார்த்தேன். எல்லாம் உலர்ந்திருந்தன. இருந்தும் ஒவ்வொன்றுக்கும் டியூப் சுற்றினேன். இரண்டாவது புதன்கிழமை குளம் பச்சையாகிவிட்டது. மூன்றாவது புதன்கிழமை படிகளே தெரியவில்லை.

அன்றைக்கு அக்கா பையைக் கொண்டுவரவில்லை. பம்பு அறைக்குள் வந்து, நான் பம்பைப் போட்டு அணைப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சட்டியின் மூடிக்கடியில் குமிழிகள் ஓடின.

"டேய், இந்த மூடி சரியாத்தானே இருக்கு?"

"அது நானே போட்டதுக்கா. தொட்டுப் பாரு, சொட்டு ஈரம் இருக்கான்னு."

அவள் விரலால் மூடியைச் சுற்றித் தடவினாள். விரலைப் பார்த்தாள். "ஆமா, காஞ்சுதான் இருக்கு" என்றாள். பிறகு, "விடுடா, அடுத்த வாட்டி பாத்துக்கலாம்."

"அடுத்த வாட்டின்னா ரெண்டு வருசம்!" என்று கத்திவிட்டேன்.

"இருக்கட்டுமே. கொளம் எங்க போயிரப் போகுது?"

சனிக்கிழமை மதியம் வேன் வந்தது. கறுப்பு உடுப்பை அம்மாவின் பெட்டியில் வைத்துவிட்டுப் போனாள். வேன் திரும்பும்போது என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "படிச்ச பய கையாடா இது?" என்றாள். மண்வெட்டிக் கொப்புளம்.

இரண்டு கிழமை கழித்து அவளிடமிருந்து குரல் செய்தி ஒன்று வந்தது. மெதுவாக, வேலைக்கு நடுவே பேசுகிற குரல்.

"டேய், இங்க பம்பு பாக்க வந்த ஆளு, மொகத்துக்குப் போடுற நொரைய எடுத்து பைப்பு மேல அப்புறாரு. எதுக்குன்னு கேட்டேன். பாசை புரியல, கையால காட்டுனாரு. ஓட்ட இருந்தா காத்து உள்ள இழுக்குமாம், வெளிய ஒண்ணும் வராதாம். அந்த எடத்துல நொர குழி விழுமாம். நீயும் செஞ்சு பாரு."

ஓடிப்போய் நானாவின் கடையில் சவர நுரை கேட்டேன்.

"கல்யாணமா தம்பி?"

"பம்புக்கு நானா."

"பம்புக்கும் மீச மொளச்சிருச்சா?" என்று சிரித்துக்கொண்டே டப்பாவை எடுத்தவர், மேசை லாச்சியையும் திறந்தார். "இந்தாங்க, ஒங்க வளையமும் வந்திருக்கு. வந்து நாலு கெழம ஆச்சு. நீங்க வராததால வேணாமாக்கும்னு வச்சிட்டேன்."

நான்கு கிழமை. மனதுக்குள் பின்னோக்கி எண்ணினேன். அக்கா வந்த இரண்டாவது புதன்கிழமைக்கு முன்பே அது அந்த லாச்சிக்குள் இருந்திருக்கிறது.

பம்பைப் போட்டு, மண்ணுக்கடியிலிருந்து மேலே வரும் ஜொயின்ட்டில் நுரையை அப்பினேன். அசையவில்லை. வால்வில் அப்பினேன். அசையவில்லை. கடைசியாக மூடியைச் சுற்றி அப்பிவிட்டு நின்றேன். சிரிக்கும்போது கன்னத்தில் விழுவது போலச் சின்னதாய் ஒரு குழி, நான் சொலூஷன் போட்டு ஒட்டிய அதே இடத்தில். நுரை கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனது. பம்பு உறிஞ்சுவதில்லை, வெளிக் காற்றுதான் தண்ணீரைத் தள்ளுகிறது என்று விஞ்ஞானப் பரீட்சையில் படம் கீறி விளக்கியவன் நான். அதற்கு முழுப் புள்ளியும் கிடைத்திருந்தது.

புது வளையத்தை மாட்டப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. தண்ணீர் தெளிய ஐந்து நாள் எடுத்தது.

அடுத்த புதன்கிழமை பின்னேரம் நான் மதிலுக்கு வெளியே நின்றேன். பெண்கள் நேரத்தில் உள்ளே நிற்கக் கூடாது. கூச்சலும் சிரிப்பும் மதிலைத் தாண்டி வந்துகொண்டிருந்தன. அக்காவுக்குக் கோல் எடுத்தேன்.

"யாருடா கத்துறது?"

"நம்ம லயத்து ஆளுங்கதான். கடைசித் தொங்கவீட்டுச் சித்திகூட எறங்கிட்டாங்க."

"சித்தியா! குளிருன்னு மொகம் கழுவக்கூட யோசிக்குமே அது!" விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு நின்றதும் இரண்டு பேரும் மதிலுக்குள் கேட்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"அக்கா, அந்த மூடிதான். நீ கேட்டியே, அதுதான். என் வளையம்."

"தெரியும்டா. அந்த ஆளு நொரையக் கையில எடுத்தப்பவே நெனச்சேன்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா அழுவ."

அந்தப் பக்கம் ஒரு பிள்ளை அரபியில் எதையோ கேட்டு அடம் பிடித்தது. அவள் அதே பாசையில் ஏதோ சமாதானம் சொன்னாள். தண்ணீரில் யாரோ குதிக்கும் சத்தம். அது என் பக்கமா, அவள் பக்கமா என்று தெரியவில்லை.

"போன வைக்கிறேன். இதுங்க எறங்கிருச்சுங்க, கரையில நிக்கணும்" என்றாள்.

நானாவிடம் சொல்லி இன்னொரு வளையம் வரவழைத்தேன். அது பம்பு அறை ஆணியில், பிரிக்காத பையோடு தொங்குகிறது. அவள் வருவதற்கு முந்தின கிழமை மாட்டுவதற்கு.

மூட்டம் அதிகமான நாட்களுக்குப் பிறகு வெயில் எட்டிப் பார்த்தால், அம்மா அந்தக் கறுப்பு உடுப்பைப் பெட்டியிலிருந்து எடுத்து லயத்துக் கொடியில் போடுவாள், பூஞ்சணம் பிடிக்காமலிருக்க. போகிற வருகிறவர்கள் யார் வீட்டு மழைக்கோட்டு என்று கேட்பார்கள். "மகளுது, நீச்சலுக்கு" என்பாள் அம்மா. விலைச் சீட்டு காற்றில் ஆடிக்கொண்டிருக்கும். அதை வெட்ட வேண்டாம், தானே வந்து வெட்டுகிறேன் என்று அக்கா சொல்லியிருக்கிறாள்.