வேரோடு வந்த மக்காச்சோளம்

மக்காச்சோளம் அறுக்கும் இயந்திரத்தை ஓட்டுகிறவருக்குப் ‘புயல்’ என்று பெயர். பெயரை வைத்தது யாரென்று கேட்டால், கொஞ்சம் வெட்கத்தோடு தன் நெஞ்சையே தொட்டுக் காட்டுவார். இயந்திரத்தின் நெற்றியில் அதைப் பெயின்ட் அடித்ததும் அவர்தான். இடம் போதாமல் கடைசிப் புள்ளி கண்ணாடிமேல் ஏறிவிட்டது.

அசல் காற்று ஒன்று மழையோடு வந்து, அவர் மனைவியின் தம்பியுடைய சோளக்காட்டைப் பாய் விரித்தாற்போல் படுக்க வைத்துவிட்டுப் போனது.

“அத்தான், விழுந்த பயிர மிஷின் எடுக்குமா?” என்று கேட்டான் மச்சினன்.

“என்னை யாருன்னு நெனச்சே? மத்தியானத்துக்குள்ள முடிச்சுத் தர்றேன்.”

மற்றவர் வயலென்றால் முதலில் இறங்கி நடப்பார். அங்கங்கே ஒரு சோளத்தட்டையைப் பிடித்து இழுத்துப் பார்ப்பார். இயந்திரத்தின் முன்னாலிருக்கும் உருளைகள் தட்டையைக் கீழே இழுக்கும்போது வேர் மண்ணை விடாமல் பிடித்திருக்க வேண்டும். அப்போதுதான் கதிர் மட்டும் ஒடிந்து மேலே நிற்கும். இதை ஊருக்கெல்லாம் விளக்கியவர், மனைவி வீட்டார் வரப்பில் நின்று பார்க்கும்போது தட்டையை இழுத்துக்கொண்டு நின்றால் கெத்து என்னாவது என்று நேரே ஏறி உட்கார்ந்துகொண்டார்.

மேட்டுப்பக்கம் மானத்தைக் காப்பாற்றியது. பயிர் படுத்திருந்தாலும் வேர் உறுதி. சாய்ந்த திசைக்கு எதிராக மெல்ல ஓட்ட, கதிர்கள் மளமளவென்று ஏறின. வரப்பைப் பார்த்துக் கைகூட ஆட்டினார்.

ஆட்டிய கையை இறக்குவதற்குள் பள்ளம் வந்துவிட்டது. தண்ணீர் தேங்கி வேர் அழுகிய இடம். செடிகள் வேரும் மண்கட்டியுமாக அப்படியே கிளம்பி வந்தன. உருளைகள் கொஞ்சம் மென்று பார்த்தன, திணறின, ‘கடக்’கென்று நின்றன.

மச்சினன் ஓடிவந்து எட்டிப் பார்த்தான். “அத்தான், அறுக்கச் சொன்னா உழுதுட்டீங்களே!”

புயல் என்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார். அடைத்திருந்த தட்டைக் கற்றையைப் பிடித்துப் பல்லைக் கடித்து இழுத்தார். அது சட்டென்று வந்துவிட்டது. அவர் மல்லாக்கச் சேற்றில் கிடந்தார்.

“என்னங்க, உங்களுக்கும் வேர் பிடிக்கலையா?” என்றாள் மனைவி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு.

முறைக்கத்தான் நினைத்தார். முகமெல்லாம் சேறாக இருக்கையில் முறைத்தால் யாருக்குத் தெரியப்போகிறது? சிரித்துவிட்டார்.

“ஒரு செடிய இழுத்துப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். திமிரு, வேறென்ன! மேட்ட மிஷின் பாத்துக்கட்டும். பள்ளத்துல கையால ஒடிச்சுடலாம்.”

மேடு முடிந்ததும் மூவரும் சாக்கோடு பள்ளத்தில் இறங்கினார்கள். வருஷக்கணக்காக இருக்கையிலேயே வளர்ந்த தொந்தி குனிய ஒத்துக்கொள்ளவில்லை. முழங்காலிட்டு நகர்ந்தார். மண்ணில் புதைந்த கதிர்கள் சில முளைவிட்டிருந்தன, மற்றவை தேறின. பொழுது சாய, கடைசிச் சாக்கைத் தூக்கப் போனார்.

“விடுங்க அத்தான், இடுப்பு போயிடும்.”

“மானம் போயாச்சு. இடுப்பு மட்டும் தனியா இருந்து என்ன பண்ணப் போகுது?”

தூக்கித் தோளில் வைத்தவர் இரண்டு பக்கமும் தள்ளாடினார். மனைவி பின்னால் வந்து சாக்கின் அடியைத் தாங்கிக்கொண்டாள்.