நிமாய்தா நிறுத்திய தண்ணீர்

நிமாய்தா போய்விட்டார். இன்று விடியற்காலையில்... தூக்கத்திலேயே.

எனக்கு எழுத வராது. வாயால் சொல்கிறேன், போன் எழுதிக்கொள்கிறது.

டாக்குரியா பேட்டையில் என் இட்லிக் கடைக்குப் பின்னால் இருக்கும் சின்ன ஏரியில் தினமும் தூண்டில் போடுவாரே, ரிட்டயர்ட் டிராம் டிரைவர்... அவர்தான்.

அவர் தூண்டில் போடும் மூலையில் முன்பு மீனே தங்காது. மழைத்தண்ணீர் கால்வாயிலிருந்து நேராகப் பாய்ந்து, கரையை அரித்துச் செங்குத்தாக ஆக்கியிருந்தது.

ஒரு வருஷம் பூஜை முடிந்ததும், கரைத்த சிலையின் மூங்கில் சட்டம் ஒன்று கால்வாய் வாயில் சிக்கிக்கொண்டது. தண்ணீர் அதில் மோதி, வேகம் குறைந்து, சுற்றிப் போனது. பின்னால் வண்டல் படிந்தது.

நிமாய்தா பார்த்துவிட்டார். அடுத்த வருஷம் கிடைத்த சட்டங்களையெல்லாம் தோளில் தூக்கி வந்து அங்கேயே நட்டார்.

"என்ன நிமாய்தா, சாமிய மறுபடியும் முக்குறீங்களா?"

"அண்ணா, உன் சட்னியில ஓடுற தண்ணிய நீ நிறுத்து. இத நான் நிறுத்துறேன்."

வருஷா வருஷம் வண்டல் ஏறியது. செங்குத்துக் கரை சரிவானது... கணுக்கால் ஆழம், முழங்கால் ஆழம், அப்புறம்தான் இடுப்பு. சேற்றில் கோரை முளைத்தது. கோரைக்குள் டாஹுக், அதுதான் நம் கானாங்கோழி, கூடு கட்டியது. அதன் காலடியில் மீன்குஞ்சுகள்.

போன மாதம் பேட்டை கிளப் மெஷின் கொண்டுவந்தது. சேற்றை அள்ளிவிட்டு சிமெண்ட் சுவர், வாக்கிங் பாதை கட்டத் திட்டம். நிமாய்தா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கி நின்று பொரி தின்றார். கிளப் செக்ரெட்டரிக்கு அவர் காக்கு, சித்தப்பா மாதிரி.

"காக்கு, மேல வாங்க. இங்க கொசுதான் வளருது."

"கொசுவத் தின்னுற மீன் எங்க வளரும்? உன் சுவத்துலயா?"

கிளப் செக்ரெட்டரி சிரித்துவிட்டான். "சரி காக்கு, நீங்க இருக்கிறவரைக்கும் தொடமாட்டோம்."

இன்று சுடுகாட்டில் அவனும் அழுதான். உண்மையாகத்தான் அழுதான். அப்புறம் என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"அண்ணா, திங்கட்கிழமை மெஷின் வருது..."

"வரட்டும். சேத்துல நான் நிக்கிறேன்."

"உங்களுக்கு நீச்சல் தெரியாதே!"

"அங்க முங்குற ஆழம் எங்கடா இருக்கு? அத ஆழமாக்கத்தானே நீ வர்ற?"

நான் விடுவதாக இல்லை.

திங்கட்கிழமை கடை கிடையாது. சாப்பிட வருகிறவர்கள் பின்பக்கம் வாருங்கள்... செருப்பைக் கழற்றிவிட்டு. கானாங்கோழி அடைகாக்கிறது, சத்தம் போடாமல் நில்லுங்கள்.

போய் வாருங்கள், நிமாய்தா.