இருபத்தேழாம் நம்பர் கிடார்

ஒரு மைக் செட்காரரின் ஒலி மிக்சரை எரித்துவிட்டுப் பழியை வோல்டேஜ் மேல் போட்டவன் நான். ஒப்புக்கொள்ள ஒரு வருஷம் ஆயிற்று. அதுவும் மனசாட்சி உறுத்தி அல்ல, வேறு வழியில்லாமல்.

தொண்ணூறுகளில் திருவனந்தபுரத்தில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் எந்தக் குற்றத்தையும் வோல்டேஜ் தலையில் கட்டிவிடலாம். மிக்சியில் தேங்காய் அரையவில்லையா, டி.வி.யில் செய்தி வாசிக்கிறவர் நாலு பக்கமும் சுருங்கிவிட்டாரா, எல்லாம் வோல்டேஜ். அதற்கு வாயும் கிடையாது, வக்கீலும் கிடையாது.

பகலில் நான் குமாஸ்தா. மற்ற நேரத்தில் ஒரு கானமேளா மெல்லிசைக் குழுவில் கிடார். என் சின்ன ஆம்ப்ளிஃபையரின் முதுகில் இரண்டு ஓட்டைகள் உண்டு. ஒன்று ஸ்பீக்கருக்கு. மற்றது 'லைன் அவுட்', மைக் செட்டுக்கு மெல்லிய சத்தமாக அனுப்புவது. ஒரு ஓணத்தன்று எழுத்து எதில் பெரிதாக இருந்ததோ அதில் வயரைக் குத்தினேன். ரகசியம் கேட்டே பழகிய மிக்சரின் காதில் நாற்பது வாட் கத்தியது. ஒரு கருகல் வாசனை. "வோல்டேஜ்!" என்று முதலில் கூவியவன் நான்தான்.

அதற்குப் பிறகு மைக் செட்காரர் என் ஆம்ப்ளிஃபையரின் முன்னால் ஒரு மைக்கை நிறுத்திவைப்பதோடு சரி. அந்த மைக் பக்கத்து டிரம்ஸைத்தான் விரும்பிக் கேட்டது. டிரம்ஸ் இரைகிறதென்று அவர் அந்த மைக்கைக் குறைப்பார். கூடவே நானும் குறைவேன். ஒரு வருஷம் மேடைமேடையாக ஊமைப்படம் நடித்தேன்.

இந்தச் சமயத்தில், கீபோர்டு வாசிக்கும் எங்கள் குழுத் தலைவர் புதிதாக ஒன்று வாங்கினார். அடுத்த ஓணத்துக்கு ஒரு வாரம் முன்பு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சாரே, ஒண்ணும் விசாரிக்கண்டா. இதுல இருபத்தேழாம் நம்பர் கிடாராக்கும். இந்த ஓணம் கழிஞ்சா நமக்கு அது மதி."

அதாவது, தப்பாக நினைக்கக்கூடாது, இந்த ஓணத்துக்குப் பிறகு ஒரு பட்டன் போதும், நான் வேண்டாம். ஓணத்தன்றாவது என் கிடார் ஊருக்குக் கேட்டாக வேண்டும்.

மேடை வலியசாலையில், எங்கள் அக்ரஹாரத் தெருவை ஒட்டிய மைதானத்தில். மைக் செட்காரர் நாகர்கோவில் பக்கத்து மனிதர். அக்ரஹாரத்து ஆண்கள் எல்லாரும் அவருக்கு 'சாமி'; அந்தச் சாமியில் பக்தி மட்டும் இருக்காது. நிகழ்ச்சிக்கு முன் தன் பெட்டிகளுக்கு ஊதுபத்தி காட்டுவார். காட்டிய பிறகு ஒரு வயரைக்கூட யாரும் தொடக்கூடாது. நான் ஓடிப்போய் நின்றபோது தீக்குச்சி கையில் எரிந்துகொண்டிருந்தது.

"அண்ணாச்சி, ஒரு நிமிஷம். என் ஆம்ப்ளிஃபையர்லேர்ந்து நேரா உங்க மிக்சருக்கு ஒரு வயர் குடுக்கலாமா?"

"குடுக்கலாம். பொறவு வோல்டேஜ் வருமே சாமி?"

முகத்தில் சிரிப்பே இல்லை. குச்சி பாதி எரிந்திருந்தது.

"அது வோல்டேஜ் இல்லை. நான்தான். ஸ்பீக்கர் ஓட்டையில குத்திட்டேன்."

அவர் குச்சியை ஊதி அணைத்தார்.

"தெரியும். வோல்டேஜ் கூடினா மொதல்ல மேடையில பல்பு போவும். அன்னைக்கு அத்தனை பல்பும் நின்னு எரியுது, எம் மிக்சர் மட்டும் போவுமா?"

"அப்பவே கேட்டிருக்கலாமே?"

"சாமியே சொல்லட்டும்னு இருந்தேன். ஒரு வருசம் ஆயிட்டு, கேட்டியளா." டார்ச்சை எடுத்தார். "குத்துறது நான். சாமி கிடாரை மட்டும் தொட்டாப் போதும்."

டார்ச் அடித்துச் சின்ன எழுத்தை இரண்டு தடவை படித்தார். சத்தத்தைப் பூஜ்யத்தில் வைத்து, வயரைச் செருகி, மயிரிழையாக ஏற்றினார். ஒரு தந்தியைத் தட்டினேன். டப்பாவுக்குள் மாட்டிய வண்டு போல இருந்தது. என் முகம் போன போக்கைப் பார்த்து, "நேரா வந்தா அப்படித்தான் கீச்சும்" என்று ஒரு குமிழை இடப்பக்கம் திருப்பினார். வண்டு கிடாராயிற்று. அதற்குப் பிறகுதான் ஊதுபத்தி.

இரண்டாவது பாட்டில், பல்லவி முடிந்ததும் எட்டுத் தாளத்துக்கு என் கிடார் மட்டும். வாசித்தேன். நாலு பெரிய பாக்ஸிலிருந்தும் நானே வெளியே வந்து மைதானத்தைத் தாண்டிப் போனேன். கோவில் சுவரிலிருந்து திரும்பி வந்து என் காதிலேயே விழுந்தேன். முன்வரிசையில் எதிராத்து மாமி கண்ணை மூடித் தலையாட்டினாள். பின்னால் யாரோ விசிலடித்தார்கள். இருபத்தேழாம் நம்பரைத் தொடப்போன தலைவரின் விரல் அந்தரத்தில் நின்று, மெதுவாக மடங்கிக்கொண்டது. மைக் செட்காரர் மட்டும் என்னைப் பார்க்கவில்லை, பல்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் தலைவர் கையைப் பிடித்துக்கொண்டார். "சாரே, அடுத்த ஓணத்துக்கும் வரணும், கேட்டோ!"

கிடாரை வாளைப் போலத் தோளில் சாய்த்துக்கொண்டு தெருவுக்குள் நுழைந்தேன். எதிராத்து மாமி வாசலில் மறித்தாள்.

"பாட்டெல்லாம் நன்னா இருந்ததுடா. அதுலயும் அந்தக் கீபோர்டுக்காரர் கிடார் சத்தத்தை என்னமாக் கொண்டுவரார்! அவரே எல்லாத்தையும் பாத்துக்கறச்சே, நோக்கு எதுக்குடா இந்தப் பாரம்?"