தாவிதே பாடாத இராகம்

இறந்துபோன தந்தையின் கடைசிப் பாடல் என்று சொல்லி, அவர் பாடாத ஒன்றை அவருடைய மகளுக்குக் கொடுத்தவள் நான். ஐந்து ஆண்டுகளாக மறைத்ததை இன்று உங்களிடம் சொல்கிறேன்.

மன்னாரிலிருந்து இத்தாலியின் பலெர்மோ நகருக்கு வந்து, வியா மக்வேதா என்ற தெருவில் தாவிதே என்ற யூத முதியவரைப் பராமரித்தேன். இளமையில் ரோமில், தொழுகைக்கூடத்தில் முன்னின்று பாடியவர். காலைதோறும் படுக்கையிலிருந்தே பாடுவார். செபத்தின் சொற்கள் மாறுவதில்லை. இராகமோ ஒருநாள் வந்தபடி மறுநாள் வராது. அந்த நேரத்து மனம் இழுத்த வழியே போகும். "நேற்றையதையே இன்று பாடினால் அது செபமில்லை, மனப்பாடம்" என்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை, மிலானில் இருந்த மகள் மிரியத்தை ஆசீர்வதித்துப் பாடத் தொடங்கினார். அப்போது தொலைபேசி அடித்தது. எத்தனையோ வாரமாக நான் காத்திருந்த அழைப்பு... என் பெர்மெஸ்ஸோ, வதிவிட அனுமதி.

"சிஞ்ஞோர், கொஞ்சம் நிப்பாட்டுங்கோ. நான் கதைக்க வேணும்."

நிறுத்தினார். பேசி முடித்து, "இனிப் பாடுங்கோ" என்றேன். வாயைத் திறந்தார், மூடினார்.

"அது போய்விட்டது."

அதன்பின் அவர் பாடவில்லை. ஒன்பதாம் நாள் இறந்துபோனார்.

அடக்கம் முடிந்து வந்த மிரியம் கேட்டாள்: "அப்பா கடைசியாகப் பாடினாரா?"

"ஓம், உங்களை ஆசீர்வதித்துப் பாடினவர்."

"எப்படி? நினைவிருக்கிறதா?"

எப்படி இருக்கும்? நான் காதுகொடுத்தே கேட்கவில்லையே... நிறுத்தச் சொன்னவள் நான்தான் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பெரிய வெள்ளிக்கு எங்கள் ஊரில் பாடும் ஒப்பாரியில் பாதி, வாயில் வந்தது பாதி... முனகினேன். அவள் அழுதபடியே அதைப் பதிவுசெய்துகொண்டாள்.

அதே நகரின் ஒரேத்தோ பகுதியில் இருந்த எங்கள் வீட்டில் கணவரிடம் மட்டும் சொன்னேன்.

"அந்தப் பிள்ளையிட்டை உண்மையைச் சொல்லிப்போடும்" என்றார்.

"இனிச் சொன்னா அவவுக்கு என்ன மிஞ்சும்?"

அவள்மீது இரக்கமா, என்மீது பயமா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

போன மாதம் தாவிதேயின் நினைவுநாள். மிரியம் காணொளியில் அழைத்தாள். விளக்கேற்றி, தன் சின்ன மகளைப் பாடவைத்தாள். அதே முனகல். நடுவில் குழந்தை தானாகவே ஒரு புதிய வளைவைச் சேர்த்தாள்.

"பார்த்தீர்களா, தாத்தாவைப் போலவே!" மிரியத்தின் கண்கள் நிறைந்திருந்தன. "அப்பா பாடியது இப்படித்தானே?"

"ஓம்" என்றேன்.

குழந்தை என்னையும் கூடப் பாடச் சொன்னாள்.

பாடினேன்.